ஐந்து கட்டைப் பெட்டி

அரைகுறை அறிவோடு கையில் அரமும் கிடைத்துவிட்டால், மனிதன் எதையாவது திருத்தக் கிளம்பிவிடுவான். நான் திருத்தியது எங்கள் தோட்டத்து மாதா கோயில் ஆர்மோனியப் பெட்டியை. (யாரும் கேட்கவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குமேல் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே தலை நீட்டக்கூடாது. எனக்கு இருபத்து மூன்று வயது. வாரநாளில் தோட்டப் பள்ளி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாசிப்பவன். பாடுவது ரோசம்மா, தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகள். அவளை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். ஈஸ்டர் கழியட்டும், பதில் சொல்கிறேன் என்று கிராணியார் சொல்லியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிள்ளானில் பெட்டி பழுதுபார்க்கும் ஒருவர் சொன்ன விஷயம் என் மண்டையில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்தாலும் வாசிக்க வரவேண்டும் என்று, ஆர்மோனியம் செய்கிறவர்கள் எல்லாச் சுரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவார்களாம். எதுவும் முழுச் சுத்தமில்லை, எதுவும் காது கூசும்படி மோசமுமில்லை. அதைக் கேட்டதிலிருந்து, ரோசம்மாவின் காந்தாரத்துக்குப் பக்கத்தில் என் பெட்டியின் காந்தாரம் பொய் சொல்வதாகவே பட்டது. அவள் பாடுவது எப்போதும் ஐந்து கட்டையில். அதற்கு மட்டும் பெட்டியைச் சுத்தமாக்கினால் என்ன?

பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு ஈஸ்டர் வரை கோயிலில் பெட்டியைத் தொடமாட்டார்கள். துடைத்துத் தருகிறேன் என்று லயத்துக்குத் தூக்கி வந்தேன். பால்மரம் வெட்டும் உளியைத் தீட்டுகிற அரத்தால், உள்ளேயிருந்த பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். சனிக்கிழமை மாலை ஐந்து கட்டையில் வைத்து அழுத்தினால், தேன். நானே கண் கலங்கினேன். (கர்வத்தில்தான்.) மற்றக் கட்டைகளில் வாசித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஈஸ்டர் காலை ரோசம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் பெட்டித் துணையில்லாமல் பாடுகளின் பாட்டைப் பாடியதில் குரல் கம்மிப்போயிருந்தது.

"மாஸ்டர், தொண்ட கட்டிப்போச்சு. அரைக் கட்ட எறக்கிக்குங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் வரிசையில் கிராணியார் இருந்தார். அரைக் கட்டைதானே என்று இறக்கி வாசித்தேன்.

காந்தாரம் ஊளையிட்டது. வேறு வார்த்தை இல்லை. ரோசம்மா ஒரு பக்கம் போக, பெட்டி ஒரு பக்கம் போனது. ஜனங்கள் யார் பின்னால் போவது என்று தெரியாமல் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பாதிரியார் திரும்பிப் பார்த்தார். வேலியோரம் காவலுக்கு நின்ற மலாய்க்கார போலீஸ், துப்பாக்கியோடு வாசலில் வந்து எட்டிப்பார்த்து, பெட்டியைக் கண்டதும் பாவம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். பெண் கைவிட்டுப் போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பூசை முடிந்து கிராணியார் வந்தார். "தம்பி, பொட்டிய என்னா செஞ்ச?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டை, காந்தாரம், அரம் ஒன்றையும் விடவில்லை. அவர் குனிந்து ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் பொதுவா செஞ்சான். நீ எம் மவ ஒருத்திக்காக மிச்சப் பதினோரு கட்டையயும் கெடுத்துட்ட," என்றார். பிறகு மகளைப் பார்த்தார். ரோசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "சரி லா, பதில் சொல்லியாச்சு."

பெட்டியைக் கிள்ளானுக்கு அனுப்ப லோரியில் இடம் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அதுவரை தோட்டமே ஐந்து கட்டையில் கத்தியது. வேலை வாங்கும் கட்டைக் குரல் மண்டோர்கூடக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். எங்கள் கல்யாணப் பாட்டும் அப்படித்தான் நடந்தது.

இன்றும் நான் எதிலாவது விட்டுக்கொடுக்காமல் முரண்டு பிடித்தால், ரோசம்மா பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள்: "தாத்தாவ விடுங்க, அவரு அஞ்சு கட்டையில நிக்கிறாரு. நாமதான் ஏத்திப் பாடணும்."