மண்டூக மந்திரமும் கரண்ட் பில்லும்

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வருவதற்குள் ஏரிக்கரையில் இடம் பிடித்துவிடுவார்கள். தூண்டிலோடு வருகிறவர்கள் ஒரு வரிசை. தூண்டிலே இல்லாமல் ஆசி மட்டும் வாங்கிப்போக வருகிறவர்கள் இன்னொரு வரிசை. இரண்டாவதுதான் நீளம். மீன் பிடிக்கக் கை வலிக்க எறிய வேண்டும். ஆசிக்குச் சும்மா நின்றால் போதும்.

எல்லாரும் தேடி வந்தது தவளையாரை. அவர் விற்பது கொக்கி வைத்த ரப்பர் தவளை. உள்ளே வெறும் காற்று. தாமரை இலைமேல் எறிந்து சுண்டிச் சுண்டி இழுத்தால் நிஜத் தவளைபோலத் தத்தித் தத்திப் போகும். அடியில் பதுங்கியிருக்கும் விரால் பாய்ந்து கவ்வும். எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கிற சாமான்தான். தவளையார் அதைப் பட்டுத் துணியில் சுற்றி 'உயிரேற்றிய தவளை' என்றார். உயிர் ஏறியதோ இல்லையோ, விலை ஏறியது.

"எந்தக் கலர் எடுக்கட்டும் சாமி?" என்று கேட்டால் அவர் வானத்தையும் பார்க்கமாட்டார், தண்ணீரையும் பார்க்கமாட்டார். பிறந்த கிழமையைக் கேட்பார். செவ்வாய் என்றால் கறுப்பு, வெள்ளி என்றால் பச்சை. விரால் எந்தக் கிழமை பிறந்தது என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

கூடவே ஒரு மந்திரம். மீன் கவ்வியதும் இழுத்துவிடக் கூடாது. கண்ணை மூடி, "மண்டூக மண்டூக மகாமண்டூக, விழுங்கு விழுங்கு" என்று சொல்லிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். மண்டூகம் என்றால் தவளை. மக்கு என்று இன்னொரு பொருளும் உண்டு. அந்தப் பொருளில் கூப்பிட்டிருந்தால் கரையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மந்திரம் பலித்தது. எத்தனையோ வருஷம் வெறுங்கையோடு திரும்பிய பஸ் டிரைவர் ஒருவர், முழங்கை நீள விராலோடு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து தவளையார் சொன்னதுதான் அவருக்கு வேதம்.

மீனோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். டிரைவரின் மகளுக்கு மூச்சிரைப்பு. இழுப்பு வந்தால் இன்ஹேலர் அடித்தால்தான் அடங்கும். விஷயத்தைக் கேட்ட தவளையார் கண்ணை மூடினார், திறந்தார்.

"தவளை தண்ணியிலயும் மூச்சு விடும், தரையிலயும் விடும். ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு வா, கழுத்துல ஒண்ணு கட்டி விடறேன். அந்தக் குழாயைத் தூக்கிப் போடு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது."

டிரைவர் வீட்டுக்கு வந்ததும் இன்ஹேலரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குப்பைத்தொட்டியைப் பார்த்து நடந்தார். ஜெராக்ஸ் கடை நடத்தும் அவர் மனைவி வழியை மறித்தாள்.

"குடுங்க அதை."

"ஏரியில பலிச்சதை என் கண்ணால பார்த்தேன்டி."

"அப்போ நானும் பார்க்கறேன். அதுவரைக்கும் குழாய் என்கிட்ட இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அவளும் வந்தாள். தூண்டில் கடையில் வாங்கிய சாதாரணத் தவளை ஒன்று அவள் பையில் இருந்தது. விலைச் சீட்டைக்கூட அவள் பிய்க்கவில்லை. மந்திரம் சொல்லும்போது ஊரே கண்ணை மூடியது. அவள் மட்டும் மூடவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த ஆராய்ச்சி.

மளமளவென்று ஒப்பித்துவிட்டு இழுத்தவர்களுக்கு மீன் நழுவியது. வாய் குழறி, திக்கித் திணறிச் சொன்னவர்களுக்கு மாட்டியது. நழுவவிட்டவர்களைத் தவளையார் அதட்டினார். "அவசரப்படாதே. நிறுத்தி நிதானமாச் சொல்லு. அப்பத்தான் சக்தி இறங்கும்."

அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. கணவனின் தூண்டிலில் தன் தவளையை மாட்டினாள்.

"எறிங்க. மந்திரம் வேண்டாம். மீன் கவ்வினதும் நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லிட்டு இழுங்க."

எறிந்தார். நாலைந்து தத்தலில் தண்ணீர் வெடித்தது.

"கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும், சொல்லுங்க."

"கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும்..." என்று முணுமுணுத்துவிட்டு டிரைவர் இழுத்தார். கோல் வில்லாய் வளைந்தது. விரால் கரைக்கு வந்தது.

"இப்போ சாமியோட தவளையை மாட்டுங்க. கவ்வின உடனே இழுங்க."

இழுத்தார். தவளை மட்டும் பறந்து வந்தது. மறுபடி எறிந்தார், மறுபடியும் அதே கதை. பக்கத்திலிருந்த சலூன்காரர் மந்திரத்துக்குப் பதிலாகத் தன் மச்சானை வாய்விட்டு நிதானமாகத் திட்டிவிட்டு இழுத்தார். அவருக்கும் மாட்டியது. மச்சான் அவருக்கு உதவியது அதுதான் முதல் தடவை.

தவளையார் எழுந்து வந்தார். "பத்தினி வாயால சொன்னா எதுவும் மந்திரமாயிடும்மா."

"கரண்ட் பில்லுமா சாமி? சரி, என்னை விடுங்க. உங்க தவளை, உங்க கை. கவ்வின உடனே இழுத்துக் காட்டுங்க."

"உடனே இழுத்தா எப்படிம்மா மாட்டும்? மீன் உள்ள வாங்கி வாயை மூட வேண்டாமா?" என்றார் எரிச்சலோடு.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"இதைத்தான் சாமி நானும் சொல்றேன்" என்றாள் அவள்.

தவளையார் பட்டுத் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். "முன்னாடி தூண்டில் கடை வெச்சிருந்தேன். 'கொஞ்சம் பொறுத்து இழுங்க'ன்னு சும்மாவே சொன்னேன். ஒருத்தன் காதுல வாங்கினானா? மண்டூகம்னு சேர்த்துச் சொன்னதும் கால்ல விழுந்தீங்க" என்று முணுமுணுத்தார். அவர் தெரிந்தே சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொன்னதற்காக அவரை மன்னித்துவிட முடியாது. அந்தக் குழந்தையின் மூச்சை வைத்து வியாபாரம் பார்த்த மனுஷன் அவர்.

இந்தக் களேபரத்தில் இங்குமங்கும் ஓடிய மகளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"குழாய் எங்கடி? சீக்கிரம் குடு."

அவள் கொடுத்தாள். அவரே மகளின் வாயில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. அவருக்குத்தான் அழுகை அடங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. சிலர் வெட்கப்பட்டார்கள். சிலர் ஜெராக்ஸ்கார அம்மாவிடம் வந்து, கேஸ் முதலிலா கரண்ட் பில் முதலிலா என்று பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போனார்கள்.

ரப்பர் தவளைக்குக் கொக்கிகள் முதுகில்தான் இருக்கும். கீழேயிருந்து பார்க்கிற விராலுக்கு வயிறு மட்டுமே தெரியும், பாவம், கவ்விவிடுகிறது. நாமோ மேலே கரையில் நிற்கிறவர்கள். அடுத்த சாமி வந்து கண்ணை மூடச் சொன்னால், முதலில் அவர் முதுகை ஒரு தரம் பாருங்கள்.