அரை ராபின்

11, ஹாத்தார்ன் சந்து,
ஓல்த்வெய்ட், யார்க்‌ஷயர்.
ஜனவரி 19. பனி முழங்கால் அளவு.

ஓல்த்வெய்ட் தோட்டப் பறவைக் கழகத்தின் செயலாளரும், கழகச் செய்தி மடலின் ஆசிரியரும், செல்போன் அரட்டைக் குழுவின் ஏக அதிபதியுமான மதிப்பிற்குரிய திருமதி ரோசலின்ட் கார்சைட் அம்மையார் அவர்களுக்கு, மேற்படி கழகத்தில் பதினாறு வருடமாக உறுப்பினராக இருக்கும் வில்ஃப்ரெட் ஹெப்டன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். என் தீனித் தட்டுக்கு வரும் நீலச் சிட்டுகளும் நலம். தண்ணீர்க் குழாய் மட்டும் உறைந்து கிடக்கிறது. தங்கள் நலத்தையும், படியில் வழுக்கி விழுந்த தங்கள் கணவரின் இடுப்பு நலத்தையும், தங்கள் ஆப்பிள் மரத்துக்கு நார்வேயிலிருந்து வந்து இறங்கியிருக்கும் பூங்குருவிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

நிற்க. கடந்த 15ஆம் தேதி குழுவில் தாங்கள் ஓர் உத்தரவு போட்டீர்கள். “ஹாத்தார்ன் சந்து 11, 13 ஆகிய இரு வீட்டாரும் மார்ச் முடியும் வரை குழுவில் எதுவும் எழுதக் கூடாது” என்பது அந்த உத்தரவு. அதனால்தான் உறைந்த விரலோடு தாளில் எழுத வேண்டியதாயிற்று. இந்த உத்தரவை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பதினாறு வருடம் ஒரு காட்டுப்புறாவைக்கூட கூட்டிச் சொல்லாதவன் நான். தட்டில் எத்தனை ஒரே சமயத்தில் உட்கார்ந்ததோ அத்தனைதான் கணக்கு என்ற கழக விதியை மீறியதே இல்லை. அப்படிப்பட்டவனுக்கு வாய்ப்பூட்டு போடும் முன் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஆகையால் நானே சொல்கிறேன்.

13ஆம் எண் வீட்டுத் திருமதி நோரா ஸ்கெல்டனை இந்தக் கழகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். ஆறு வருடத்துக்கு முன் அவர் கணவரை இழந்து இங்கே குடிவந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் குருவிக்கு என்னங்க பேரு?” என்பது. “அது குருவி இல்லைங்க, டன்னக்” என்றேன். “பாத்தா குருவி மாதிரிதானே இருக்கு?” “இருக்கும். ஆனா இல்ல.” “நீங்ககூட பாத்தா சிடுமூஞ்சி மாதிரிதான் இருக்கீங்க” என்றார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு டீக் குவளையோடு வேலியருகே நிற்பது வழக்கமாகிவிட்டது. அம்மையாரே, நான் முப்பத்தோரு வருடம் ஹாரோகேட்டுக்குப் பஸ் ஓட்டியவன். தலைக்கு மேலே “ஓட்டுநரிடம் பேசாதீர்கள்” என்று பலகை தொங்கும். ஜனங்களும் ரொம்ப ஒழுங்கானவர்கள், முப்பத்தோரு வருடமும் பேசவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் அங்கே பலகை இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. இந்த நிலையில் ஒருவர் தினம் வந்து நின்று, இன்னிக்கு என்னென்ன வந்துச்சு என்று கேட்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இனி ராபின் விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரிலிருந்து மார்பு சிவந்த ஒரு ராபினைக் கைக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். தினம் காலையில் உள்ளங்கையில் உலர்ந்த புழுவை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் நிற்பேன். ஒரு காக்கைகூட என்னைக் கம்பம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டுப் போனது. ராபின் மட்டும் ஒரு முழம் தள்ளி மண்வெட்டிக் காம்பில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்க்கும், அவ்வளவுதான், கிட்டே வராது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அது என் கையில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன். டிசம்பர் 27, முதல் பனி. நோரா வீட்டு உடையோடு கொல்லைக் கதவைத் திறந்து பாலாடைக்கட்டித் துணுக்கை வெளியே வீச வந்திருக்கிறார். அந்த ராபின் நேராகப் போய் அவர் கட்டைவிரலில் உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, “வில்ஃப்ரெட், இங்க வாங்களேன், சத்தம் போடாம வாங்க” என்று என்னைத்தான் கூப்பிட்டார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. நான் போய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “அடடா” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “அது என்னோட ராபின்.”

“உங்க பேரு எழுதியிருக்கா?” என்றார்.

“நாலு மாசமா புழு போட்டது யாரு?”

“எனக்குக் கை நீட்டத் தெரியும். உங்களுக்குக் கணக்கு எழுதத்தான் தெரியும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் மறுநாள் காலை நான் டீக் குவளையோடு வேலிக்குப் போகவில்லை, அவரே வரட்டும் என்று. அவரும் வரவில்லை, நானே வரட்டும் என்று. அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் குழுவில் நீங்கள் படித்ததுதான். நான், “11ஆம் எண்: நீலச் சிட்டு 4, ராபின் இல்லை. சில வீடுகளில் பாலாடைக்கட்டி போட்டுப் பறவைகளைக் கெடுக்கிறார்கள்” என்று எழுதினேன். அவர், “13ஆம் எண்: ராபின் 1. நன்றாகச் சாப்பிட்டது. வரவேற்பு இல்லாத இடத்துக்கு யார் போவார்கள்?” என்று எழுதினார். அடுத்த நாள் அது என் தட்டிலும் உட்கார்ந்தது; ராபின் 1 என்று போட்டேன். ஒரே பறவையை இரண்டு வீட்டுக் கணக்கில் எழுதலாமா என்று தாங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் பெருந்தன்மையாக “ராபின் ½” என்று எழுதினேன். அந்த அம்மா உடனே, “13: ராபின் ½. தலை இருக்கும் பாதி” என்று போட்டார். “11: ராபின் ½. பறக்கும் பாதி” என்று நானும் போட்டேன். நாற்பத்தோரு உறுப்பினர்களும் சிரித்துக்கொண்டிருந்தபோது யாருக்கும் விதி ஞாபகம் வரவில்லை. மேலத்தெருக்காரர் பிக்கர்ஸ்கில் “காட்டுப்புறா ஒன்றேகால்” என்று எழுதியதும், தாங்கள் கவனிக்காமல் அதையும் கூட்டி மாவட்டப் பறவைக் கணக்குப் பதிவாளருக்கு அனுப்பியதும், அவர் தொலைபேசியில் தங்களைக் கேட்ட கேள்விகளும் என் குற்றமா? சரி, கொஞ்சம் என் குற்றம்.

ஆனால் அம்மையாரே, தாங்கள் அறியாத ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வளைத்தேன். நான் அந்தக் குழுவில் நோரா எழுதுவதைப் பறவைக்காகப் படிக்கவில்லை. எட்டு மணிக்கு “நீலச் சிட்டு 5” என்று வந்தால் எழுந்துவிட்டார், நன்றாகத் தூங்கியிருக்கிறார் என்று அர்த்தம். ஒன்பதரைக்கு வந்தால் முட்டி வலி. “கோல்ட்ஃபின்ச்” என்று வந்தால் அது மாடி ஜன்னலிலிருந்து மட்டும்தான் தெரியும், ஆக மாடி ஏறியிருக்கிறார், முட்டி தேவலை. “ரென்” என்றால் விறகுக் கொட்டகை வரை பனியில் நடந்திருக்கிறார், ஐயோ, அந்த வயதில் அந்த வழுக்கலில் எதற்கு என்று நான் இங்கே தனியாகத் திட்டிக்கொண்டிருப்பேன். வெறும் “காட்டுப்புறா 1” என்றால் சமையலறை நாற்காலியை விட்டு எழவில்லை, மனசு சரியில்லை. இப்படி அவர் குரல் இல்லாமலே அவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். சண்டை போட்டாலும் என்னோடுதானே சண்டை போடுகிறார் என்று ஒரு திருப்தி இருந்தது. தாங்கள் ஒரே வரியில் அதையும் அடைத்துவிட்டீர்கள். நாலு நாளாக அவர் எழுந்தாரா படுத்தாரா ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்கவே முடியவில்லை எனக்கு.

நீயே போய்க் கதவைத் தட்டுவதுதானே என்பீர்கள். தட்டுவேன். என்ன சொல்லிக்கொண்டு தட்டுவது? பஸ் ஓட்டத் தெரியும், பறவை எண்ணத் தெரியும், மன்னிச்சிருங்க என்று ஆரம்பிப்பது எப்படி என்று எங்கும் சொல்லித்தரவில்லை. அதனால் நேற்றுக் காலை ஒரு காரியம் செய்தேன். நிலக்கரி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, சட்டைப்பை நிறையத் தீனியோடு, வேலிக்கு மேலாகப் பைனாகுலரில் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தபால்காரர் லயனல் வர வேண்டுமா?

“என்ன சார் அங்க?”

“புல்ஃபின்ச் பாக்கறேன்.”

“சமையலறைக்குள்ளயா?”

“வழி தவறிப் போயிருக்கும்.”

“இறங்குங்க சார். அந்த அம்மா உங்களத்தான் பாக்கறாங்க. அவங்க கையிலயும் பைனாகுலர் இருக்கு.”

பதறித் திரும்பினேன். வாளி உருண்டது. நான் மல்லாந்து பனியில் விழுந்தேன். தீனியெல்லாம் கொட்டி உடம்பெங்கும் சூரியகாந்தி விதையும் புழுவும். லயனல் எலும்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போய்விட்டார். வேலி இடுக்கு வழியாக ஜன்னலைப் பார்த்தேன். நோரா திரையைச் சட்டென்று இழுத்துவிட்டார். சரி, முடிந்தது கதை, இனி இந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று அப்படியே கிடந்தேன். அப்போதுதான், அம்மையாரே, அந்த ராபின் வந்திருப்பதைப் பார்த்தேன். மண்வெட்டிக் காம்பில் ஒரு நிமிடம். பிறகு என் பூட்ஸ் முனையில். பிறகு விரிந்து கிடந்த என் உள்ளங்கையில். எடை என்று ஒன்றுமே இல்லை, நகம் மட்டும் சில்லென்று தெரிந்தது. மூன்று புழு தின்றது. ஒரு தடவை என் கண்ணைப் பார்த்தது. போய்விட்டது.

இத்தனை நாள் ஏங்கியது கிடைத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, வேலியைப் பார்த்து “நோரா” என்று கூப்பிடப் போனவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். குழுவிலும் எழுத முடியாது. வீட்டுக்குள் போய் ஈர உடையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். சொல்ல ஆளில்லாத சந்தோஷம் அரை சந்தோஷம்தான் என்று எனக்கு எழுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்தி மடலில் போட வேண்டாம்.

ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்பது இதுதான். என் மேல் உள்ள தடை அப்படியே இருக்கட்டும். மார்ச் வரை என்ன, ஆயுள் முழுக்க இருக்கட்டும். ராபினை முழுசாக 13ஆம் எண் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தலை வால் எல்லாம். நோரா மேல் உள்ள தடையை மட்டும் நாளைக் காலை எட்டு மணிக்குள் நீக்கிவிடுங்கள். அவர் என்னைத் திட்டி எழுதினாலும் சரி. எட்டு மணிக்கு ஒரு வரி வந்தால் போதும்.

தங்கள் தீனித் தட்டு என்றும் நிறைந்திருக்கவும், தங்கள் தோட்டத்துக்குப் பூனை வராதிருக்கவும், தங்கள் கணவரின் இடுப்பு வசந்தத்துக்குள் கூடி வரவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள,
வில்ஃப்ரெட் ஹெப்டன்.

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். என் வாசல் கேட்டில் நோரா நின்றுகொண்டிருந்தார். கையில் உறை. தங்கள் விலாசம்.

“தபால் பெட்டிக்கா போறீங்க?” என்றார்.

“ஆமா.”

“இதையும் போட்டுருங்க. அந்த இறக்கத்துல என் முட்டி நிக்காது.”

“ரோசலின்டுக்கா? புகாரா?”

“புகார்தான். உங்களது?”

“புகார்தான்” என்றேன். பிறகு அவர், “நேத்து நான் திரைய இழுத்தது கோபத்துல இல்ல. ராபின் மண்வெட்டிக் காம்புல வந்து உக்காந்துருச்சு. என் அசைவு தெரிஞ்சா பறந்துடுமேன்னுதான். ஓரமா நின்னு எல்லாத்தையும் பாத்தேன்” என்றார். மன்னிச்சிருங்க என்று ஆரம்பிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன். என் உறையைப் பிரித்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் என் சமையலறையில் இருக்கிறார். என் டீ ஜாடி ஒரு ஆளுக்குத்தான் காணும் என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனவே மேலே கண்ட கோரிக்கை முழுவதையும் வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். தயவுசெய்து யார் மேல் உள்ள தடையையும் நீக்க வேண்டாம். குழுவைத் திறந்துவிட்டால் அந்த அம்மா வீட்டிலிருந்தே எழுத ஆரம்பித்துவிடுவார்; இப்போதோ சொல்ல வேண்டியதை நேரில் வந்துதான் சொல்லியாக வேண்டும். மார்ச் போதாது. அடுத்த பனிக்காலம் வரை நீட்டித்தால் நன்று. அவருடைய கடிதத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். பிரிக்கவில்லை. அதில் தடையை நீக்கச் சொல்லியிருந்தால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒரு பக்கம் எழுத இருந்தேன். அவர் கூப்பிடுகிறார்: “அங்க என்னத்த இன்னும் எழுதிக்கிட்டே இருக்கீங்க, டீ ஆறுது.”