திரும்பி வந்த மாரி வண்டி

வேப்பனப்பள்ளி மாந்தோப்பு வீட்டு மூத்த மச்சான் வெங்கடப்பன் அவர்களின் சமுகத்துக்கு, பாகலூரிலிருந்து உங்கள் தங்கை பூவம்மாளின் வீட்டுக்காரன் கோவிந்தப்பன் கைகூப்பி எழுதுவது. இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. அங்கு தாங்களும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் சுகமென்று நம்புகிறேன். உங்கள் ஊரில் யாருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் நாலு சொல்வீர்கள். அதனால்தான் கடிதமாக எழுதி, மாங்காய் ஏற்ற உங்கள் பக்கம் வரும் வேன்காரன் மணிவேல் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் எங்கள் மகள் சுகுணா உங்களிடம் சொன்னாள். காய்ச்சல் இல்லை மச்சான், டெங்கு. ஓசூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், பிளேட்லெட் தினமும் இறங்குகிறது, நேற்று ஈறிலிருந்து ரத்தம் வந்தது. டாக்டரைக் கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது? கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் தலை நரைத்தவன் நான். ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் தேறும், தேறாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். இந்த "பாக்கலாம்" எனக்கு ஆகவில்லை.

இதெல்லாம் ஆரம்பித்தது லைப்ரரியில். சிரிக்காதீர்கள். சுகுணா வேலை பார்க்கிற பல்கலைக்கழக நூலகத்தில் மாதாமாதம் பொதுமக்களுக்காக மருத்துவ வரலாற்றுக் கூட்டம் நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் அம்மை எப்படி வந்தது, பேதி எப்படிப் போனது என்று படம் போட்டுப் பேசுவார்கள், ஏ.சி. உண்டு, முடிந்ததும் சமோசா உண்டு, ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேண்டும்? சித்திரையில் நடந்த கூட்டத்துக்கு முன்னால் நூலகத் தலைவி பிரியதர்ஷினி அம்மா, "உங்க வீட்ல நோய் சம்பந்தமா பழைய பொருள் ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வாங்க, கண்காட்சியில வைக்கலாம்" என்றார். ஒருவர் கண்ணாடி ஊசி கொண்டுவந்தார். எங்கள் தெரு சாந்தம்மா தன் தோளிலிருந்த அம்மைத் தடுப்பூசித் தழும்பைக் காட்டி, "இதையும் வைங்க" என்றாள், அதையும் போட்டோ எடுத்து மாட்டினார்கள். நான் விடுவேனா? எங்கள் கொல்லைக் கோடியில், ஊர் எல்லைப் புங்கமரத்தடியில் சின்னதாக ஒரு மரவண்டி கிடந்ததே, பொங்கலுக்கு வந்தபோது நீங்கள்கூட அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடித்தீர்களே, அதைத் துடைத்து எண்ணெய் பூசிக் கொண்டுபோய் வைத்தேன்.

அங்கேதான் பிடித்தது சனியன். பெங்களூரிலிருந்து பேச வந்த பேராசிரியர் அதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். "இது மாரி வண்டி" என்றார். பிளேக் காலத்தில் ஊரார் இப்படி ஒரு வண்டி செய்து, அம்மனை அதில் ஏற்றி, நோயையும் சேர்த்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்களாம். அடுத்த ஊர்க்காரன் அதற்கடுத்த ஊருக்குத் தள்ளுவானாம். அனுப்பிய ஊருக்கு மட்டும் வண்டி திரும்பக் கூடாதாம். கூட்டம் கொல்லென்று சிரித்தது, அதில் பெரிய சிரிப்பு என்னுடையது. "நோயையே பார்சல் பண்ணியிருக்காங்க சார் நம்ம ஆளுங்க" என்று எழுந்து சொன்னேன், கை தட்டினார்கள். அந்த வண்டி எதற்கென்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை மச்சான். மூடநம்பிக்கையை விளக்குகிறேன் பேர்வழி என்று, மறந்துபோனவர்களுக்கெல்லாம் ஞாபகப்படுத்திவிட்டார் மனுஷன். போதாக்குறைக்கு, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று குத்துவிளக்கு ஏற்றி, வண்டிக்குக் குங்குமம் வைத்து மாலையும் போட்டார்கள்.

கண்காட்சி முடிந்தது. வாங்கிய பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது நூலகத்துப் பண்பாம். அந்தப் பண்பைத் தூக்கி உடைப்பில் போட! மாலையைக்கூடக் கழற்றாமல் மணிவேல் வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்த மகராசன் கொல்லைக்குப் போகாமல் நேராக ஊர் நடுவே மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, ஹாரன் அடித்து, "கோவிந்தப்பன் வீட்டு மாரி வண்டி வந்திருக்குது" என்று கூவியிருக்கிறான். சாந்தம்மா என் வாசலுக்கு ஓடிவந்து, "அடப்பாவி, பூசை போட்டு ஊருக்குள்ள கூட்டியாந்துட்டியே!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அப்புறம் மழை வந்தது, மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பழைய டயரையும் தேங்காய்த் தொட்டியையும் கவிழ்த்துக் காட்டி, கொசு, கொசு என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். கேட்டால்தானே? சாந்தம்மாவின் மருமகள், தினமும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த பெண், நாலே நாளில் போய்விட்டாள். எழவு வீட்டுக்குப் போனேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பூவம்மாளைப் பார்க்க ஊரிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

வண்டியை நூலகத்துக்கே திருப்பிக் கொண்டுபோனேன். பிரியதர்ஷினி அம்மா, "சாரி சார், அடுத்த மாசம் மயக்க மருந்தோட வரலாறு, வைக்க இடமில்ல" என்றார். எனக்கே அந்த மருந்து கொஞ்சம் தேவைப்பட்டது. சரியென்று கர்நாடக எல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன், சும்மா இடம் பார்க்கத்தான். அங்கே ஒரு கூட்டமே தடியோடு நின்றது. "இல்லி பேடா ஸ்வாமி, வாபஸ் தகொண்டு ஹோகி!" இங்கே வேண்டாம், திருப்பி எடுத்துப் போ என்கிறான் முன்னால் நின்றவன். அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவனும் அந்த லைப்ரரிக் கூட்டத்தில் சமோசா தின்றவன்தான், எனக்குப் பக்கத்து நாற்காலி! உடைத்து அடுப்பில் வைக்கலாம் என்றால் ஊரார் விடவில்லை. "வண்டிய எரிச்சுட்டா அவ எதுல போவா?" என்கிறார்கள். மறுபடி கொல்லையிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன்.

நீங்கள் பயப்பட வேண்டாம். இதையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. வண்டி வேறு, கொசு வேறு. பூவம்மாள்தான் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வண்டி இன்னும் நம்ம கொல்லையிலதான் நிக்குதா?" என்று கேட்டாள். "லைப்ரரில பொண்ண வெச்சிக்கிட்டுப் பேசற பேச்சா இது?" என்று சத்தம் போட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சத்தம் போட்டிருக்கக் கூடாது. அவள் இல்லாவிட்டால் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது மச்சான்.

காய்ப்பும் கறவையும் குறையாமல், நோய்நொடி உங்கள் வேலியை எட்டிப் பார்க்காமல், அம்மன் உங்கள் எல்லையைக் காக்க வேண்டும் என்று கும்பிட்டு முடிக்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை என்றும் மறவாத
கோவிந்தப்பன்

பி.கு.: மணிவேல் மாங்காய் ஏற்ற வரவில்லை. வேனில் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதை உங்கள் தோப்பு வேலியோரம் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் இறக்கியிருப்பான். போனில் சொன்னால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நான் நம்பவில்லை மச்சான், சத்தியமாக நம்பவில்லை. உங்கள் தோப்பைத் தாண்டினால் ஆந்திராதானே, அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள், அங்கிருந்து யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. இந்தப் பக்கம் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவள் உங்கள் கூடப்பிறந்தவள்.