'கிராமர்' பேசிய இங்கிலீஷ்

சிவகாசி வட்டாரத்திலேயே பிசகில்லாமல் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர் எங்கள் 'கிராமர்' ஒருவர்தான். அந்த இங்கிலீஷால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் குமாஸ்தாவாக இருந்த பட்டாசுக் கம்பெனியில், வெளியூருக்குப் போகும் கடிதமெல்லாம் அவர் எழுதியதுதான். எழுத்தில் தேன். வாயைத் திறந்தாலோ புருவம் நெரியும். விரல் எதிராளியின் மூக்குவரை நீளும். குரல் தகரத்தில் ஆணி அடிக்கும். தமிழிலும் அப்படித்தான். எங்களுக்குப் பழகிவிட்டது. வடக்கத்தியாருக்கு?

தீபாவளி ஆர்டர் கொடுக்க வந்த பம்பாய் சேட்டிடம், "கைண்ட்லி பீ சீட்டட், சார்!" என்றார். உட்கார்ந்திருந்த சேட் பதறி எழுந்துவிட்டார்.

"கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்கய்யா" என்றார் முதலாளி. அடுத்து வந்த சேட்டிடம் சிரித்தார். அந்த மனிதர் என்னைத் தனியே இழுத்துப்போய், "அவருக்குப் பல்வலியா?" என்று விசாரித்தார்.

அந்தச் சீசனில்தான் மருந்து அடைக்கும் ஷெட்டில் தீப்பிடித்தது. அங்கே வேலையிலிருந்த, ஆமத்தூர் முத்தக்காளின் புருஷன் போய்ச் சேர்ந்தார். விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. யாரும் கூப்பிடாமலே கிராமர் முன்னால் போய் நின்றார். அளவுக்கு மீறி ஆளையும் மருந்தையும் அறைக்குள் திணித்ததையும், முத்தக்காளுக்கு நஷ்டஈடு கிடைக்கவேண்டியதையும் ஒரு பிழையும் இல்லாத இங்கிலீஷில் சொன்னார். விரல் அதிகாரியின் மூக்கருகே ஆடியது.

"என்னை மிரட்டுகிறாயா?" என்றார் அதிகாரி, இங்கிலீஷில்.

"நோ, சார்! ஐ ஆம் பெக்கிங் யூ!"

கெஞ்சுகிறேன் என்று கிராமர் போட்ட கத்தலில் மேஜைமேல் தம்ளர் தண்ணீர் குலுங்கியது. அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு மானேஜர் கைகட்டி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெரி ஸேட், சார்... ஆல் காட், சார்..." என்றார். அதிகாரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தொழிலாளியின் அஜாக்கிரதை என்று தீர்ப்பாயிற்று. முத்தக்காளுக்கு ஒன்றுமில்லை. கிராமருக்கு வேலை போயிற்று.

அன்று சாயங்காலமே அவர் ஆமத்தூருக்குக் கிளம்பினார், முத்தக்காள் வீட்டுக்கு. மனசு கேளாமல் நானும் கூடப் போனேன்.

"எல்லாம் என்னாலதான் கெட்டுச்சு, தாயி! நான் வாயத் தொறந்திருக்கவே கூடாது!"

வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் தெரு இளவட்டங்கள் கம்போடு ஓடிவந்தார்கள்.

முத்தக்காள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏலே, கம்பக் கீள போடுங்க. அவுக சண்டைக்கு வரல. அளுதுக்கிட்டிருக்காக."