நிறை, குறை, என் வீட்டுக்காரர்

பயப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் கோயமுத்தூர் மாவட்டத்தில் நான்தான் முதல் ரேங்க். பல்லிக்குப் பயம். கேஸ் சிலிண்டருக்குப் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். ஜேக் பிறந்த பிறகு இன்னும் மோசம். அழுதால் ஏன் அழுகிறான் என்று பயம். அழாவிட்டால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இந்த ராத்திரி இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு தடவை வைத்துப் பார்த்தாயிற்று.

இப்படிப்பட்டவளிடம் என் வீட்டுக்காரர் ஜெப்ரி சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"ஜெனி, வெள்ளிக்கிழமை சென்னை போறேன். மூணே ராத்திரி."

மதுக்கரையில் எங்களுக்கு மாடி போர்ஷன். சிமெண்ட் லாரி போனால் பாத்திரமெல்லாம் தானாகப் பேசும். அம்மா தங்கையின் பிரசவத்துக்காக வெள்ளகோவிலில் இருக்கிறார். அப்படியானால் மூன்று ராத்திரியும் நானும் கைக்குழந்தையும் மட்டும்.

"எதுக்குங்க?"

"பசங்க ஒரு பேய்ப்படம் எடுத்திருக்காங்க. குறும்பட விழாவுல செலக்ட் ஆயிருச்சு. நான்தானே கைடு?"

அவர் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் வாத்தியார். பேய் என்பது வெறும் எடிட்டிங் என்று வகுப்பில் முழங்குகிறவர்.

"நான் தனியா எப்படிங்க இருப்பேன்?"

"ஞாயித்துக்கிழமை படத்தை இங்கேயே போடச் சொல்றேன், பாரு. பயப்படலைன்னா உனக்குத் தைரியம் வந்தாச்சு, நான் போகலாம். பயந்தேன்னா படம் பிரமாதம். பரிசு வாங்க நான் போயே ஆகணும்."

விசிலடித்துக்கொண்டே கை கழுவப் போனார். எப்படிச் சொன்னாலும் நான்தான் அவுட்.

ஞாயிறு மதியம் மாணவர்கள் வந்தார்கள். இயக்கியது பிரத்யுஷா. கேமரா பவன். பத்து நிமிஷப் படம். கைக்குழந்தையோடு ஒரு பெண். புருஷன் ஊரில் இல்லை. மாடியில் யாரோ நடக்கிற சத்தம். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போகிறாள். திரும்பி வந்தால், தொட்டிலருகே பேய். முழுப் படத்தையும் ஜேக்கின் துண்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தேன்.

"பயமா இருந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்தை!" என்றார் ஜெப்ரி.

"ஒரே வார்த்தையில எப்படிங்க? நிறையை முதல்ல சொல்லு, குறையை அப்புறம் சொல்லுன்னு கான்வென்ட்டுல சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"சொல்லுங்க மேடம்," என்றாள் பிரத்யுஷா.

"குழாய் சொட்டிட்டே இருந்து திடீர்னு நின்னுச்சு பாரு கண்ணு, அங்க எனக்கு வயிறு சில்லுனு ஆயிருச்சு. சொட்டற குழாய்க்கு வாஷர் போட்டுக்கலாம். தானா நிக்கற குழாய்க்கு யாரைக் கூப்பிடறது?"

பிரத்யுஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதை யாருமே கவனிக்கலைங்க மேடம்! குறை?"

"பேயோட மூஞ்சியைக் காட்டியிருக்க வேண்டாம். காட்டற வரைக்கும் பேய். காட்டினதும் பவுடர் பூசின புள்ள."

பவன் தலையைத் தொங்கப்போட்டான். பேயாக நடித்தது அவன் தங்கை.

"அப்புறம், சத்தம் கேட்டா எந்த அம்மா குழந்தையை விட்டுப்போட்டு மாடிக்குப் போவா? நானா இருந்தா தொட்டிலோட பாத்ரூமுக்குள்ள போய்த் தாப்பாப் போட்டுக்குவேன். இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை ஒண்ணு இருக்கு. அந்தப் புருஷன் எதுக்கு ஊருக்குப் போனான்?"

"ஏதாவது வேலை இருந்திருக்கும்," என்றார் ஜெப்ரி.

"கைக்குழந்தைக்காரியை விட்டுப்போட்டுப் போற அளவுக்கு என்ன வேலைங்க?"

"கதைக்கு அது முக்கியமில்லை, ஜெனி."

"பேய்க்கு முக்கியமுங்க. அவன் ஊட்டுல இருந்திருந்தா அது உள்ளயே வந்திருக்காது."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிரத்யுஷா சிரிக்கவில்லை.

"சார், படம் முடிஞ்சதும் மேடையில கேள்வி கேப்பாங்க. போன வருஷம் நீங்க லென்ஸைப் பத்திப் பேசினதுல பாதிப் பேர் டீ குடிக்கப் போயிட்டாங்க. இந்த வருஷம் மேடம் வரட்டுங்க சார்."

"வேன்ல மிச்சம் என் ஒரு சீட்டுதானே இருக்கு!"

"அதைத்தான் சொல்றேங்க சார். தம்பியை மடியில வெச்சுக்கலாம். பொண்ணுக நாங்கெல்லாம் ஒரே ரூம், மேடத்துக்குத் துணைக்கு ஆள் இருக்கு."

துணை! காதில் பாயசம் ஊற்றின மாதிரி இருந்தது.

"அவ ரொம்பப் பயந்தவம்மா..."

"அதுதானுங்க சார் எங்களுக்கு வேணும்!"

பவன் மெதுவாகக் கேட்டான். "சாருக்குத் தனியா இருக்கப் பயமுங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "அவருக்கா? பேயே எடிட்டிங்னு சொல்றவரு தம்பி. மூணே ராத்திரி."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எ... எனக்கென்ன பயம்?" என்றார். விசில் வரவில்லை.

வேன் ஏறியதும் பயம் என்னோடு ஏறிக்கொண்டது. சேலம் வரைக்கும் ஜெபமாலை. டிரைவர் கொட்டாவி விட்டபோதெல்லாம் பலமாக இருமினேன். சென்னையில் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குழாயை இறுக்கி மூடினேன்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. எங்கள் கீழ்வீட்டுக்காரர் திருமலைசாமி அண்ணன். ஒரு நாளும் கூப்பிடாதவர். சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க ஊட்டுக்காரரு ராத்திரி தலகாணியோட இறங்கி வந்துட்டாருங்க. 'உங்க பையன் தனியாப் படுக்கப் பயப்படுவான், நான் துணைக்குப் படுத்துக்கறேன்'னாரு."

"தம்பி என்னங்க சொல்லுச்சு?"

"அவனுக்கு ஒண்ணும் புரியலீங்க, அம்மணி. போலீஸ்ல சேர்ந்து மூணு வருஷமாச்சுங்களே!"