நிழல் சாரும் சாக்பீஸ் உடம்புகளும்

உச்சி வெயிலில் பெரியவர்களைப் பேய் பயத்தில் நடுங்கவைக்கத் தெரிந்த ஆள் ஹைதராபாத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் என் மகளின் புவியியல் வாத்தியார். பெயர் என்னவோ இருந்தது. பிள்ளைகளிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் நிழல் சார்.

முதல் முறை பார்த்தபோது பள்ளி மைதானத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் தரை முழுக்க வெள்ளைக் கோட்டில் குட்டிக் குட்டி உடம்புகள். கொலை நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள் வரைவார்களே, அதே மாதிரி. பிள்ளைகள் ஒருத்தரையும் காணோம். அவர் சாவகாசமாக நிமிர்ந்து, "நக்கோ மேடம், பயம் நக்கோ. எல்லாம் தண்ணி குடிக்கப் போயிருக்குதுங்க. நிழலை மட்டும் இங்க விட்டுட்டுப் போகச் சொன்னேன்" என்றார். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்; 'வேண்டாம்' என்பதற்கு ஹைதராபாத் உருதுவின் 'நக்கோ'தான் வரும்.

சூரியன் நகர்வதைப் படிக்க, வாரா வாரம் பிள்ளைகளை அதே நேரத்தில் அதே இடத்தில் நிறுத்தி நிழலை வரையச் சொல்வாராம். அவர் பாடப்புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. காற்றின் திசையை மூக்கால் கண்டுபிடிக்க வேண்டும். மல்லாபூர் கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து அடித்தால் யாருக்கும் காம்பஸ் தேவைப்படாது. சாயங்காலமானால் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் பெரிய பாறையில் காதை வைத்துப் படுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த பாறை ஆறும்போது உள்ளே சத்தம் வருமாம். ஒருநாள் நானும் காதை வைத்தேன். வந்தது. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டியது போல் ஒரே ஒரு 'டிக்'. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்தில் மகள் நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.

வினை எங்கள் பக்கத்து ஃபிளாட் சுகந்தியால் வந்தது. திருநெல்வேலிக்காரி, சாஃப்ட்வேரில் பெரிய வேலை. சாரின் வகுப்பில் நிழலை வரைந்த மறுநாள் அவள் பையனுக்குக் காய்ச்சல். "நிழலக் கோடு போட்டுக் கட்டிட்டா ஆளையே கட்டுன மாதிரில்லா" என்று வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவைத்தாள். பெற்றோர் கும்பலாகப் போய்ப் பள்ளியில் நின்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சார் எங்களுக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இனி வகுப்பறையை விட்டு வெளியே பாடமே கிடையாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். மனிதர் எங்களை எப்படிச் சமாதானப்படுத்தினார் தெரியுமா? ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் வாருங்கள், உங்கள் எல்லோருடைய நிழலும் காணாமல் போய்விடும் என்றார்.

போனோம். வானம் முழுக்க மேகம். சார் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கையில் சாக்பீஸ் பொடியாகிக்கொண்டிருந்தது. வெயில் வராவிட்டால் மைதானத்துக்கும் பாறைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் நாலு சுவருக்குள் போக வேண்டியதுதான். எனக்கே பாவமாக இருந்தது. பன்னிரண்டு இருபது வாக்கில் மேகம் விலகியது.

கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை. எங்கள் யாருக்கும் தரையில் நிழல் நீளவில்லை. வெயில் கொளுத்துகிறது, நாங்கள் வெறுமனே நிற்கிறோம், சுற்றிலும் சாக்பீஸ் உடம்புகள் மட்டும் படுத்துக் கிடக்கின்றன. சுகந்தி மெல்லச் சேலையை உயர்த்தி, தன் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"எங்க சார் போச்சு?" என்றாள் குனிந்தபடியே.

"எங்கயும் போகல மேடம். உங்க காலுக்கடியிலதான் இருக்கு. வருஷத்துல ரெண்டு நாள்தான் சூரியன் நேரா தலைக்கு மேல வரும், அப்ப அங்க ஒளிஞ்சுக்கும்."

அவள் பையன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்து, நீயும் பேயா என்று தெலுங்கில் கேட்டான். முதலில் சிரித்தது சுகந்திதான். மைதானமும் பாறையும் சாருக்கே மிஞ்சின.

இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது சார் இல்லை. கோடை விடுமுறையில், மாரடைப்பு. ஆகஸ்டில் அந்த நாளைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் மைதானத்துக்குப் போனால், எங்கள் அபார்ட்மெண்டில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். சுகந்தி கையில் சாக்பீஸ் டப்பா.

மேகம் விலகியது. கொடிக்கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனது. அவர் இல்லாத அந்த வெயில் எனக்குத் தாங்கவில்லை. எங்கேயும் போயிருக்க மாட்டார் என்று தோன்றியது. குனிந்து காலுக்கடியில் பார்த்தேன்.