மாமனாரின் கத்தியும் ஒரு வாளி ஆசிட்டும்

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சாப்பிடலாம், தூங்கலாம், டிவி ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கலாம். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். உதவி செய்கிறேன் என்று மட்டும் எழுந்துவிடக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு நான் எழுந்தேன்.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி வேலை. துருப்பிடித்த கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்தால் பளபளவென்று வெளியே வரும். (நான் தூரத்தில் நின்று டிக் அடிப்பவன். தொட்டியின் பக்கம்கூடப் போனதில்லை.) ஆனாலும் ஊரில் உள்ள துருவெல்லாம் என்னைப் பார்த்தாலே நடுங்கும் என்று ஒரு நினைப்பு.

மாமனார் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் பிடித்த மூன்று கத்திகள் அவரிடம் இருந்தன. கறுத்த மரப்பிடி, பித்தளை ஆணி. பண்டிகைக்கு உரித்த ஆட்டை முழுசாக வாங்கிவந்து அந்தக் கத்திகளால் தானே துண்டு போடுவார். கடைக்காரன் வெட்டினால் கறி ருசி கெட்டுவிடுமாம்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் கத்திகளைக் கழுவிச் சாய்த்து வைத்தார். பிடி இடுக்கிலிருந்து காபி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“மாமா, உள்ள துரு இருக்குது. பிடியைக் கழட்டாம போவாது.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மாப்ள. நீங்க போய் நாஷ்டா துண்ணுங்க.”

என் மனைவி ஸ்டெல்லா பரிந்து வந்தாள். “கம்பெனியில அவருக்கு இதாம்பா வேலையே.” (என்னை நம்பிய காலம் அது.)

மாமனார் அரை மனசாகத் தலையாட்டிவிட்டு, ஆடு பார்க்க ஆரம்பாக்கம் கிளம்பினார். “சாயங்காலம் கறியோட வருவேன். ரெடியா வைங்க.”

ஆணியின் தலையை அரத்தால் ராவி, உள்ளே தட்டினேன். பிடி இரண்டாகப் பிரிந்தது. வெளியே தடியாக இருந்த இரும்பு, பிடிக்குள்ளே அப்பளமாக மெலிந்து செதில் செதிலாக உதிர்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டா மனுஷன் இத்தனை வருஷம் எலும்பு வெட்டினார்!

அங்கேயே நிறுத்தியிருந்தால் அந்த வீட்டில் எனக்கு மாலை விழுந்திருக்கும். நானோ மற்ற இரண்டையும் கழட்டினேன். அதே கதி. மூன்றையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மூழ்க ஊற்றினேன். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? அது எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டுவிட்டு வந்து எடுக்கலாம் என்று போனேன். அத்தையின் மீன் குழம்பு. சாப்பிட்டேன். தூங்கியும்விட்டேன்.

“என்னங்க! வாளி நுரைக்குது!” என்ற ஸ்டெல்லாவின் அலறலில்தான் விழித்தேன்.

மூக்கை எரிக்கும் நெடி. குச்சியால் கிளறி வெளியே எடுத்தேன். கத்திகள் தோசைக்கல்லாகக் கறுத்து, விளிம்பெல்லாம் எலி கடித்தது போல் இருந்தன. பிடிக்குள் இருந்த மெலிந்த இரும்பு மூன்றிலும் கரைந்தே போயிருந்தது.

சாயங்காலம் மாமனார் தோளில் உரித்த ஆட்டோடு வந்தார். செய்தித்தாளில் பரப்பிக் காட்டினேன். ஆட்டை இறக்கக்கூட மறந்து அப்படியே நின்றார்.

“இன்னா இது?”

“கத்தி, மாமா.”

“பிடி?”

“இதோ, இங்க.”

“நடுவுல இருந்தது?”

“அது... வாளியில.”

வாளியை எட்டிப் பார்த்தார். “கப்பல் புயல்ல ஆடுனப்போகூட ஒண்ணும் ஆவல. நீ தொட்டே, பூட்ச்சி.”

காலைவரை ‘நீங்க’. அந்த மரியாதையும் வாளியோடு போயிற்று.

“கழட்டாம உட்டிருந்தா உங்க கை போயிருக்கும் மாமா” என்றேன். உண்மைதான். ஆனால் தோளில் ஆட்டோடு நிற்பவரிடம் உண்மை எடுபடாது.

வீட்டில் மிஞ்சியிருந்த காய்கறிக் கத்தி, தொடை எலும்பில் பட்டதும் வளைந்தது. வேறு வழியில்லை. ஸ்டெல்லா ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் ஆட்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, ஸ்டேஷன் பக்கத்துக் கறிக்கடைக்குப் போனோம். பண்டிகைக் கூட்டம். எல்லாரும் கறி வாங்கிக்கொண்டு போக, நாங்கள் மட்டும் கறியோடு உள்ளே நுழைந்தோம்.

“இன்னா சார், எனக்கே விக்க வந்துகிறியா?” என்றார் கடைக்காரர்.

“துண்டு போட்டுத் தரணும்.”

“ஏன், ஊட்ல கத்தி இல்லியா?”

“இருந்துச்சு. இவரு துரு எடுத்தாரு” என்றாள் ஸ்டெல்லா.

வரிசையே சிரித்தது. பழகிய சிரிப்பு ஒன்று தனியாகக் கேட்டுத் திரும்பினேன். என் கம்பெனி சூப்பர்வைசர்! ஆட்டின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த பண்டிகைக்கு மாமனார் புதுக் கத்தி வாங்கினார். நுனியிலிருந்து பிடிவரை ஒரே எவர்சில்வர். மரம் கிடையாது, ஆணி கிடையாது. என் முகத்துக்கு நேராக நீட்டி, “நல்லா பாத்துக்கோ மாப்ள. கழட்ட ஒண்ணும் இல்ல” என்றார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் யாருக்காவது சிரிப்பு தேவைப்பட்டால் என் துரு கதையைத்தான் எடுப்பார்கள். போன வாரம் சாப்பிடும்போது, “குக்கர் பிடி ஆடுது அத்தை” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மூட்டுவலிக்கார மாமனார், சாம்பாரோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே ஏறிவிட்டார்.